மிதக்கும் பொருள்

"கையை அசைக்கவே கூடாது, பாருங்க, அசைக்கலை" என்று பேராசிரியர் ஒலிபெருக்கியில் முழங்கியபோது, அவள் கையை அசைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

தண்ணீருக்கு அடியில், இடுப்போரமாக, தூங்குகிற குழந்தைக்கு விசிறுகிற மாதிரி.

மல்லாந்து மிதந்ததில் அவளுடைய இரண்டு காதுகளும் தண்ணீருக்குள் இருந்தன. ஆனாலும் அவர் பேச்சு கேட்டது. அவர் பேச்சு எதற்குள்ளும் போகும். அவர் காதுக்குள்தான் எதுவும் போகாது.

நீச்சல் குளத்தைச் சுற்றி மடக்கு நாற்காலிகளில் ஊர்ப் பெரிய மனிதர்கள். குளத்தின் தலைமாட்டில் ஒரு பதாகை: 'தண்ணீர் யாரையும் மூழ்கடிப்பதில்லை.' அதிலிருந்த படத்தில் தண்ணீர் கொஞ்சம், பேராசிரியர் நிறைய.

அவர் பேசுவார், அவள் மிதப்பாள். கல்யாணமானதிலிருந்து அதுதான் ஏற்பாடு. குளத்திலும் சரி, வீட்டிலும் சரி.

"மூழ்கிச் செத்தவன் எவனும் தண்ணியால சாகலை. இயற்பியல் தெரியாம செத்தான்!"

கைதட்டல்.

அவர் மட்டும் இன்றுவரை கணுக்காலுக்கு மேல் எந்தக் குளத்திலும் இறங்கியதில்லை. கேட்டால், ஆராய்ச்சியாளன் ஆராய்ச்சிக்குள் விழக் கூடாது என்பார்.

நுரையீரல் நிறையக் காற்று, எலும்பின் மேல் கொஞ்சம் கொழுப்பு. இவ்வளவு இருந்தால் போதும், மனித உடம்பு தண்ணீரைவிட லேசாகிவிடும் என்று விளக்கும் இடத்தில் அவருக்கு வழக்கமாக ஒரு நகைச்சுவை உண்டு. இன்றும் அது வந்தது.

"எங்க வீட்டம்மாவுக்கு அந்தக் கொழுப்புக்கு மட்டும் குறைச்சலே இல்லை!"

பழைய நகைச்சுவை. அவள் உடம்பைப் பொறுத்தவரை அது காலாவதியாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நீச்சல் உடையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தும், அதன் தோள்பட்டி கழன்று கழன்று விழுந்தது.

என்ன இப்படி உருகிப்போனீர்கள் என்று யாராவது அவளைக் கேட்டால், பதில் அவரிடமிருந்து வரும்: தினமும் நடக்கச் சொன்னேன், பலன் தெரிகிறதா? அவள் பாதித் தட்டைத் தள்ளி வைத்தால், அளவோடு சாப்பிடுவது நல்லதுதான் என்று தன் தட்டை நிரப்பிக்கொள்வார்.

போன வாரம் ஒருநாள் காலையில் வாய்விட்டே சொன்னாள்.

"ஏங்க, டாக்டர் உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்றார்."

"இந்தக் கூட்டம் முடியட்டும்மா" என்றார். கண்ணாடியின் முன் நின்று, எந்த வரிக்கு எந்தக் கையைத் தூக்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னதில் பாதியை அவள் தனியாகக் கேட்டிருந்தாள். மீதியைக் கேட்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அவர் கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நேற்றுக் குளத்தில் பழகிப் பார்த்தபோது அவளுடைய கால்கள் தாமாகவே கீழே போயின. அதற்குப் பிறகுதான் இந்தக் கை விசிறல்.

முன்வரிசையிலிருந்த மரக்கடைக்காரர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சார், அம்மா அடியில துடுப்புப் போடுறாங்க!"

சிரிப்பு குளத்தைச் சுற்றி வந்தது. பேராசிரியரின் முகம் சுண்டியது.

"கையைக் கட்டிக்கோம்மா. மிச்சத்தை இயற்பியல் பார்த்துக்கும்."

அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பெண்டாட்டி சொன்னால் காதில் விழாத மனிதர், ஆர்க்கிமிடீஸ் சொன்னால் கேட்காமலா போய்விடுவார்? இத்தனை வருஷம் மிதந்த பொருள் இன்று மிதக்கவில்லை என்றால், ஏன் என்று ஒரு கேள்வி வந்துதானே ஆகவேண்டும்?

நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்துப் பிடித்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

முதலில் குதிகால் இறங்கியது. பிறகு முழங்கால். பிறகு, அவசரமே இல்லாமல், இடுப்பு.

நாற்காலிகள் முன்பக்கம் சாய்ந்தன.

அவள் கண்களை அகலத் திறந்து அவரையே பார்த்தாள். கேளுங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

பேராசிரியரும் அவளைப் பார்த்தார். ஒரு கணம் அவர் வாய் சும்மா இருந்தது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்ததாக அவளுக்கு நினைவில்லை.

பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது.

"கவனிங்க! இப்ப அம்மா மூச்சை வெளிய விட்டுட்டாங்க. காத்துப் போச்சு, உடம்போட பருமன் குறைஞ்சது, மூழ்குறாங்க. இதுவும் விதிப்படிதான்!"

அன்று விழுந்த கைதட்டல்களிலேயே பெரியது அதுதான். அவர் அதை வாங்கிக்கொள்ளக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

தண்ணீர் அவள் முகத்தின் மேல் மூடிக்கொண்டது. மேலே அவருடைய முதுகு நெளிந்து நெளிந்து தெரிந்தது. முதுகும் பேசிக்கொண்டிருந்தது.

அவளுடைய தோள்கள் குளத்தின் தரையில் அமர்ந்தன. வழவழப்பான ஓடு, ஜில்லென்று இருந்தது.

எழுந்து நின்றால் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆபத்தே இல்லாத இடம் வேண்டும் என்று அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

நெஞ்சுக்குள் காற்று அப்படியே இருந்தது. ஒரு குமிழிகூட அவள் விட்டிருக்கவில்லை.

ஊர் நடுவே நின்று அவர் சொன்ன எதையும் இதுவரை அவள் பொய்யாக விட்டதில்லை.

அவள் வாயைத் திறந்து, மூச்சை வெளியே விட்டாள்.