இடது கால் படாத குதிரை

குதிரை மறுபடியும் நின்றுவிட்டது.

குணலட்சுமி இரண்டு குதிகால்களாலும் அதன் வயிற்றைத் தட்டினாள். அது முன்னால் போகவில்லை. திடுக்கிட்டு, வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, பழைய இடத்திலேயே வந்து நின்றது.

வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சண்டிலிப்பாயில், புகையிலை வெட்டி முடிந்த வெளியில், அந்த ஆனி மாதச் சனிக்கிழமை காலை ஊரே கூடியிருந்தது. சண்டைநிறுத்தம் என்று வானொலி சொன்ன பிறகு சனம் இப்படிப் பயமில்லாமல் கூடுவது இதுதான் முதல் தடவை. எண்பத்து மூன்று கலவரத்தோடு நுவரெலியாவிலிருந்து ஊர் திரும்பிய ஏர்னெஸ்ட், அங்கே பந்தயக் குதிரைகளைப் பழக்கியவர். குதிரை வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் எல்லார் முன்னிலையிலும் சவாரி பழக்கிவிடுவதாக அறிவித்திருந்தார். மூன்று குதிரைகள் வந்தன. மூன்றும் நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் ஏற்றிவந்த மட்டக் குதிரைகள்.

ஏறியவர்களில் பெண் இவள் ஒருத்திதான்.

சேலையோடு ஏற முடியாது. கணவன் இராசநாயகத்தின் காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் சணல் கயிற்றால் இறுக்கியிருந்தாள். கீழே இரண்டு மடிப்பு மடித்தும் அது பாதத்தை மூடியது.

இராசநாயகத்தின் தம்பி சீவரத்தினம்தான் குதிரையை நடத்திக்கொண்டு வந்தவன். வெளியின் ஓரத்தில் நின்றான். சிரிப்பு வந்த பக்கம் திரும்பவேயில்லை.

இன்றைக்கும் குதிரை அவள் சொல் கேட்காவிட்டால் அது நெடுந்தீவுக்கே திரும்பிப் போகும். மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார். ஒருவரும் ஏற முடியாத குதிரைக்கு யார் புல் வெட்டுவது?

ஏர்னெஸ்ட் அருகே வந்தார். குதிரையின் இடது விலாவில் உள்ளங்கையை வைத்தார். அது உடம்பை உதறியது. வலது விலாவில் வைத்தார். பேசாமல் நின்றது.

“இதிலை முந்தி ஆர் ஏறினது?”

“என்ரை அவர்.”

“அவருக்கு இடது கால் ஏலாதோ?”

சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து சூம்பிய கால் அது. இந்த மனிதர் இராசநாயகத்தைக் கண்டதே இல்லை.

“ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“குதிரை சொல்லுது. இடது பக்கத்திலை இதுக்கு ஒருநாளும் கால் பட்டதில்லை. வலது குதிகாலாலை மட்டும்தான் அவர் பழக்கியிருக்கிறார்.” பிடரியைத் தடவினார். “பயப்பிடாதேங்கோ. நாலைஞ்சு சனிக்கிழமை வந்தியளெண்டால் அந்தப் பழக்கத்தை அழிச்சுப்போடலாம்.”

அவள் குதிரையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவனுடையது என்று இருந்த எல்லாத் துணியிலும் இப்போது சவர்க்கார மணம்தான். அவன் சாய்ந்து இருந்த விதத்தை, தட்டிய விதத்தை, இந்த ஒரு உடம்பு மட்டும் இன்னும் மறக்காமல் வைத்திருந்தது.

“அழிக்க வேண்டாம்,” என்றாள். “அவர் ஏறினமாதிரி நான் ஏறப் பழக்கிவிடுங்கோ.”

ஏர்னெஸ்ட் தலையைச் சொறிந்தார். “அது பிழையான பழக்கம், தங்கச்சி.”

“பிழையாய் இருக்கட்டும்.”

அவளுடைய கணவர் குதிரையில் எப்படி அமர்ந்திருப்பார் என்று ஏர்னெஸ்ட் கேட்டார்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. செய்யத் தெரிந்தது. வாசல் படலையடியில் நின்று எத்தனை பின்னேரம் பார்த்திருக்கிறாள்! இடது காலை உயிரில்லாததுபோலத் தொங்கவிட்டாள். முதுகில் கட்டியிருந்த சாக்கின்மேல், வலது இடுப்பில் பாரத்தை இறக்கினாள். இடது கையால் பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்தாள்.

“இன்னும் கொஞ்சம் பின்னாலை,” என்றார் ஏர்னெஸ்ட். “விழாமல் இருக்க அவர் சாய்ஞ்சுதான் இருந்திருப்பார்.”

சாய்ந்தாள்.

வலது குதிகாலால் ஒருமுறை தட்டினாள். மெதுவாக.

குதிரை புறப்பட்டது.

முதலில் நடந்தது. பிறகு கேட்காமலே ஓடத் தொடங்கியது. காதுகள் இரண்டும் முன்னால் நிமிர்ந்தன. மூலையில் அவள் தோளைச் சாய்க்க, தண்ணீர் வாய்க்காலில் திரும்புவதுபோலத் திரும்பியது. வேலிக்கு அப்பால் பனங்கூடல் ஓடியது, கிணற்றடிகள் ஓடின, யாருடைய முற்றத்திலோ பாயில் பரப்பிய மிளகாய் சிவப்பாகத் தெரிந்து மறைந்தது.

ஒழுங்கை முடக்கில் குதிரை திரும்பும்போதே வேலிக்கு மேலால் உன்ரை தலை தெரியும் என்று அவன் சொல்வான். பொய் சொல்லாதேங்கோ என்பாள்.

பொய் இல்லை. இந்த உயரத்தில் இருந்துதான் அவன் அவளைத் தேடியிருக்கிறான்.

சிரிப்பு நின்று, யாரோ கைதட்டினார்கள். போதும் என்று ஏர்னெஸ்ட் கையைக் காட்டினார். அவள் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்றுப் போனாள். அதற்குப் பிறகும் ஒன்று.

இறங்கியபோது இடது கால் மரத்துப்போயிருந்தது. சீவரத்தினம் ஓடிவந்து பிடித்தான்.

“இனி உங்களை விட்டு உது எங்கையும் போகாது,” என்று சிரித்தார் ஏர்னெஸ்ட். “அவர் இப்ப வெளிநாட்டிலையோ?”

“இஞ்சை இல்லை.”

“வந்தவுடனை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒற்றைக் காலாலை இப்பிடிப் பழக்கின ஆளை நான் பாக்கவேணும்.”

“ஓம்,” என்றாள் குணலட்சுமி. “கூட்டிக்கொண்டு வாறன்.”

ஏர்னெஸ்ட் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றவனையும் பார்த்தார். “தம்பி, நீரும் ஞாபகப்படுத்தும்.”

மாசி மாதம் கீரிமலைக் கடலில் அண்ணனின் சாம்பலைக் கரைத்தவன் சீவரத்தினம்.

கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டு, ஓம் என்று தலையாட்டினான்.