இருபது பச்சை விளக்குகள்

அமலோற்பவம் வேண்டுமென்றேதான் படகை அடியில் வெறும் மணல் மட்டுமே கிடக்கும் இடத்தில் நிறுத்தினாள். மதுரையிலிருந்து ஒருநாள் சுற்றுலா வந்திருந்த இருபது பேரும் படகின் கண்ணாடித் தரை வழியே குனிந்து பார்த்தார்கள். கரையேறியதும், இந்தக் கடலை என்ன செய்யலாம் என்று கேட்டு வனத்துறை வைத்திருக்கும் பலகையில் ஆளுக்கொரு பொத்தானை அழுத்தி, பச்சையோ சிவப்போ ஒரு விளக்கை எரியவிடுவார்கள். பச்சை அதிகம் விழுந்தால் இந்தக் கடல் காப்பகமாகிவிடும். அப்புறம் யாரும் இறங்கக் கூடாது. சிவப்பு அதிகம் விழுந்தால் அவளும் ஊர்ப் பெண்களும் எப்போதும்போல முங்கிக் கடல்பாசி எடுத்து விற்கலாம்.

"இதுல பாக்க என்னங்க இருக்கு? செத்த கடலு," என்று கொட்டாவி விட்டார் ஒரு பெரியவர்.

அவள் நினைத்தது நடந்துவிட்டது. பேசாமல் கரைக்குத் திருப்பியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து சோறு போட்ட கடலை ஒருவர் அப்படிச் சொன்னால் பொறுக்குமா?

"எது செத்த கடலு? வாங்க, காட்டுறேன்!" என்று எஞ்சினை முடுக்கினாள்.

பவளப்பாறைகளைக் காட்டினாள். வாலைச் சுருட்டிப் புல்லைப் பிடித்துக்கொண்டு ஆடும் கடற்குதிரைகளைக் காட்டினாள். வேரில் கை வைக்காமல் நுனியை மட்டும் கிள்ளி வளர்த்த தன் பாசிக் காட்டையும் காட்டினாள். பெரியவர் மண்டியிட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்.

கரையில் இருபது விளக்குகளும் பச்சையாக எரிந்தன. பெரியவருடையதுதான் முதலில்.

"அடுத்த வருசமும் நீங்கதான்க்கா கூட்டிட்டுப் போகணும்," என்று ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருசம் நானே இதுல எறங்க முடியாதும்மா. பாசி எடுக்குற பொழப்பு இன்னையோட முடிஞ்சுது."

"ஐயோ, முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா!"

"சொல்லத்தான் இருந்தேன்," என்றாள் அமலோற்பவம். "அதுக்குள்ள இவரு செத்த கடலுன்னுட்டாரே."