தடை: இல்லை

அபின் ஆறரைக்கு எழுந்தான். பால் விடாமல் கட்டன் சாயா போட்டுக் குடித்தான். குளித்தான். பாறசாலை வீட்டின் முன்னறையில் லேப்டாப்பைத் திறந்து, ஒன்பது மணிக்குத் தன் குழுவின் தினக் கூட்டத்தைத் தொடங்கினான்.

எல்லோருக்கும் மூன்றே கேள்வி. நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன வேலை, தடை ஏதும் உண்டா. முன்பெல்லாம் பதில்களை அவனே குறித்து வைப்பான். எட்டு மாதமாக அது குழுவில் ஒருவனான சஜுவின் வேலை.

"லிஜி, மூணு நாளா ஒரே வேலையில நிக்க. என்ன தடை?"

"தடை ஒண்ணும் இல்லண்ணா. இண்ணைக்கு முடிச்சிருவேன்."

அபின் மேசையில் ஓங்கி அறைந்தான். "பொய் சொல்லாத! சத்தம் ஏன் இப்படி அடச்சிருக்கு?"

"லேசா காய்ச்சல் ஆக்கும். மாத்திரை போட்டிருக்கேன்."

"எத்தன நாளா?"

"மூணு நாளாச்சு," என்றாள் லிஜி.

"தினமும் கேக்கேன், தினமும் ஒண்ணும் இல்லன்னே சொல்லுத! சிஸ்டத்த அணச்சிட்டு இப்பமே ஆசுபத்திரிக்குப் போ."

"அண்ணா, நாளைக்கு கிளையண்டுக்குக் காட்டணும்," என்றான் சஜு. "அந்தப் பகுதி இவளுக்கு மட்டுந்தான் தெரியும்."

"காட்டாண்டாம்லே! அவளுக்குக் காய்ச்சல்னு எழுது. அவ சொன்னத அப்படியே எழுது."

சஜுவின் குறிப்பு போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடத்தில் மேலாளர் சத்தியராஜ் போனில் அழைத்தார்.

"எடா, நீ டீம் நடத்துறியா, தர்மாசுபத்திரி நடத்துறியா? நாளைக்கு டெமோ இல்லன்னா உனக்கு டீம் லீடு வேலையும் இல்ல."

"வேண்டாம். எடுத்துக்கிடுங்க."

சத்தியராஜின் குரல் தணிந்தது.

"மக்கா, எட்டு மாசம் முன்ன மினி போனதுக்கு நீ என்ன செய்வ? பெஞ்சாதின்னு பாக்காம, டீமுல எல்லாரையும் போல அவகிட்டயும் கேட்டே. தடை இல்லன்னு அவளே சொல்லியிருக்கா. மத்தியானம் உசிரு போவும்னு யாரு கண்டா? நான் அண்ணைக்குள்ள குறிப்பப் பாத்தேன்."

"குறிப்பு நான் எழுதினது சார். அவ மைக்கு போடல. உள்ளறையில இருந்து என்கிட்ட மட்டுந்தான் சொன்னா. டெமோவுக்கு ஒரு நாள்தான் இருந்துது."

"பின்ன அவ என்னதான் சொன்னா?"

அபின் லேப்டாப்பை மூடினான்.

"தல பொளக்குது, ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவியளான்னு கேட்டா."