காயாத பூட்ஸ்

மின்னல் அணி மாறுகிறான் என்று தெரிந்ததிலிருந்து மைதானத்து வாசலில் ஒரே கூட்டம். அவனுடைய ஜெர்சியைக் கொளுத்துவதற்காக ரசிகர்கள் வந்திருந்தார்கள். விடாத மழையில் எந்தத் தீக்குச்சியும் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் அதே ஜெர்சியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.

உள்ளே, கேலரிக்கு அடியில் இருந்த சின்ன அறையில் நிருபர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் மின்னல். நேற்றோடு அவனுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி அவனை யாரும் பிடித்து வைக்க முடியாது. இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம்.

அவன் பக்கத்தில் தடித்த மனிதர் ஒருவர், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். புது அணியின் முதலாளி அவர்தான் என்று அறை முழுக்கப் பேச்சு. கிளப் செயலாளர் வெளியே மின்னலைத் துரோகி என்று திட்டிவிட்டு வந்து, உள்ளே அந்த மனிதருக்குத் தன் கையாலேயே டீ கொடுத்தார்.

“எனக்கும் அங்க ஒரு இடம் பாத்துக் குடுங்க சார்,” என்று காதோரம் குனிந்தார்.

“பாக்கலாம்,” என்றார் அவர்.

முன்வரிசையில் ‘மூக்கு’ உட்கார்ந்திருந்தார். எங்கே வாடை அடித்தாலும் முதலில் போய் நிற்கும் நிருபர் என்பதால் அந்தப் பெயர். மின்னலின் நல்ல பெயரை இன்று கிழித்துத் தொங்கவிடாமல் எழுந்திருப்பதில்லை என்ற முடிவோடு வந்திருந்தார்.

அந்த நல்ல பெயர் போன வருடம் வந்தது. இறுதி ஆட்டத்தில் மின்னல் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலே பறந்தது. கோல்கீப்பரின் கையிலிருந்தும் ஒரு பந்து நழுவியது. கோப்பை போயிற்று. ஆட்டம் முடிந்து சோதனை போட்டபோது, கோல்கீப்பரின் அலமாரியில் ஒரு பை நிறையப் பணம். ‘சுவர்’ என்று ஊரே கொண்டாடிய அந்தக் கோல்கீப்பர் இப்போது நிஜமான சுவர்களுக்கு நடுவே கம்பி எண்ணுகிறான். ஜெயிலிலும் கைதிகள் அணிக்கு அவன்தான் கோல்கீப்பர் என்று கேள்வி. மின்னலோ அன்று டிவியில் குலுங்கிக் குலுங்கி அழுது, ஊரின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டான்.

“எத்தனை வருஷ ஒப்பந்தம்?” என்று ஆரம்பித்தார் மூக்கு.

“அதை அவங்கதான் முடிவு பண்ணணும். நான் பேரம் பேசல.”

“ஜெர்சி நம்பர் பழைய ஏழுதானே?”

“அவங்க குடுக்கற நம்பர் எதுவோ அதுதான்.”

நிருபர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழாம் நம்பரையே விட்டுக்கொடுக்கிறான் என்றால் எவ்வளவு கொட்டியிருப்பார்கள்!

“அட்வான்ஸ்?”

பக்கத்திலிருந்த மனிதர் தண்ணீர் கிளாஸை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினார்.

“அது போன வருஷமே வாங்கிட்டேன். பைனலுக்கு முந்தின நாள்.”

அறை கொந்தளித்தது. இங்கே ஆடிக்கொண்டே அங்கே கை நனைத்திருக்கிறான்! பெற்ற பிள்ளையைப்போல் அவனைப் பார்த்துக்கொண்ட கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்குக்கு நாளைய தலைப்பு கிடைத்துவிட்டது.

“அப்படி இந்த டீம்ல உங்களுக்கு என்னதான் குறை?”

“என் பூட்ஸ் காயமாட்டேங்குது.”

கொல்லென்று சிரிப்பு. சிரிப்பு அடங்கும்வரை மின்னல் காத்திருந்தான். பிறகு சொன்னான். எந்த மழையில் ஆடினாலும் மறுநாள் காலையில் அவனுடைய பூட்ஸ் மட்டும் உலர்ந்திருக்குமாம். நட்சத்திர ஆட்டக்காரனுக்கு கிளப் செய்யும் மரியாதை என்று நினைத்திருந்தானாம். சுவர் ஜெயிலுக்குப் போன பிறகு வந்த முதல் மழையில் பூட்ஸ் சொதசொதவென்று கிடந்தது. கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் சத்தம் போட்டிருக்கிறான்.

“‘உங்க பூட்ஸை நான் எப்பப்பா தொட்டேன்? பேப்பரைக் கசக்கி உள்ள திணிச்சு வெச்சிட்டுப் போறது அந்தக் கோல்கீப்பர் தம்பிதானே’ன்னாங்க. ஒரு நாள்கூட அவன் எங்கிட்ட சொன்னதில்லண்ணே. அதுக்கப்புறம் அந்த ஈர பூட்ஸுல கால வைக்கும்போதெல்லாம் சாமி கும்பிடக்கூட மனசு வரல.”

இதுவும் ஒரு நடிப்பு என்று நினைத்தார் மூக்கு. ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை.

“எந்தப் பேப்பர்?”

“உங்க பேப்பர்தான். அதுதான் ஈரத்த நல்லா உறிஞ்சுமாம்.”

இந்த முறை மூக்கைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

“சரி, புது டீம்ல யார் காயவைப்பாங்க?” மூக்கின் குரலில் காரம் ஏறியிருந்தது.

“இனிமே நானே காயவெச்சுக்கணும்.”

“கதையெல்லாம் போதும். எந்த டீம்? அதைச் சொல்லுங்க முதல்ல.”

மின்னல் எழுந்தான். கோச்சைப் பார்த்துக் கை கூப்பினான்.

“சுவர் இப்ப ஆடறானே, அந்த டீம்தான். அவன வெளிய விட்டா அவங்களுக்கு ஒரு ஆள் குறையுமில்ல? அந்தப் பை என்னோடது. சோதனைன்னதும் பக்கத்து அலமாரில தள்ளிவிட்டது நான்தான்.”

மூக்கு எழுதி வைத்திருந்த தலைப்பை அடித்தார்.

தடித்த மனிதர் மடியில் வைத்திருந்த போலீஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, செயலாளர் பக்கம் திரும்பி, அவர் இடம் கேட்ட அதே பணிவான குரலில் சொன்னார்: “உங்களுக்கும் அங்க இடம் உண்டான்னு விசாரிச்சிட்டுச் சொல்றேன்.”