மக்கும் பலகை

கோல்ஃப் மைதானத்தில் மரம், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் தடை வந்தபின், முழுக்க மக்கக்கூடிய ஒரு பொருளை வடிவமைப்பாளர் கண்டுபிடித்து விருதும் வாங்கினார். அந்தப் பொருள் மனிதன்.

பிச்சாண்டி ஆறாவது குழிக்கு வழிகாட்டிப் பலகை ஆனான். பகலெல்லாம் இடக்கையை நீட்டியபடி நிற்க வேண்டும். வீட்டிலும் அந்தக் கை மடங்கவில்லை. மனைவி அஞ்சுகம் அதில் ஈரத்துணியைக் காயப்போட்டாள்.

“எவ்வளவு நாளைக்குத்தான் நிப்பே? உக்காந்து பாக்குற வேலையா கேளுய்யா.”

கேட்டான். மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி வந்தான்.

“பிரமோஷன் குடுத்துட்டாங்க. இனிமே நான் நாற்காலி.”

“உக்காந்துதானே இருப்பே?”

“அவங்க உக்காருவாங்க. நான் குனிஞ்சிருக்கணும்.”

அஞ்சுகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

“கோச்சுக்காதே. அடுத்து பெஞ்சு போடப்போறாங்க. அதுக்கு ரெண்டு பேர் வேணுமாம். உன் பேரைக் குடுத்திருக்கேன்.”