மூன்றாவது பாட்டில் ஒரு தையல் மெஷின்

ஞாயிறு மதிய வெயில் அரங்கின் உயரமான ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுகிறது. பின்சுவரை ஒட்டி, தன் கையால் தைத்த பனியன்களை மேசையில் அடுக்கிவைத்துக்கொண்டு நிற்கிறாள் தையல்காரி. மேடையில் அவள் தம்பி. எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் தானே ராப் பாட்டு எழுதி, பாடி, வெளியிடுகிறவன். அவன் நிகழ்ச்சிக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. மூன்றாவது பாட்டை அவன் ஆரம்பித்ததும் அவள் பனியன் அடுக்குவதை நிறுத்துகிறாள். வெளிச் சத்தம் விழாமலிருக்க வீட்டில் துணி அலமாரிக்குள் நின்று அவன் பதிவு செய்த பாட்டு அது. அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் இவள் மெஷினை மிதித்துத் தொலைத்தாள். "என் பாட்டையே கெடுத்துட்டியேக்கா!" என்று இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். மறுபடி பாடத் தொண்டை ஒத்துழைக்காமல், மெஷின் சத்தத்தோடு அப்படியே வெளியிட்டான். இதோ, மெஷின் சத்தம் விழுந்த அந்த இடம் வருகிறது. அவன் வாயை மூடிக்கொண்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறான். இருநூறு பேர் தரையை மிதிக்கிறார்கள். டடட டடட டடடடட. மேசைமேல் பனியன்கள் அதிர்கின்றன. "எதுக்கும்மா எல்லாரும் இங்க மிதிக்கிறீங்க?" என்று பக்கத்தில் வேர்க்க விறுவிறுக்கக் குதிக்கும் பெண்ணிடம் கேட்கிறாள். "இதுதாங்க இந்தப் பாட்டுக்கு உசுரே! நீங்களும் மிதிங்க!" தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. வலது கால் தானாக எழுந்து மிதிக்கிறது. அன்று நூல் அறுந்து மெஷின் நின்ற இடத்தில் அவள் கால் நிற்கிறது. இருநூறு பேரின் கால்களும் அதே இடத்தில் நிற்கின்றன.