டீ கலக்காத தட்டு

"இதுல எதும்மா டீ குடிச்சது?"

நுண்ணோக்கியின் முன்னால் குனிந்தபடி அப்பா கேட்டார். பஸ் ஓட்டிய காலத்தில் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆய்வுக்கூட மேசையருகே மகள் நின்றிருந்தாள். அவள் கையில் இரண்டு தட்டுகள் இருந்தன. உள்ளங்கைக்குள் அடங்குகிற, மூடி போட்ட பிளாஸ்டிக் தட்டுகள். இரண்டிலும் ஜெல்லி போல உறைந்த படுகை. அதன்மேல் இருந்தும் இல்லாததுபோல நூல்புழுக்கள். ஒரு தட்டில் தேயிலைச் சாறு கலந்திருந்தது. மற்றதில் வெறும் தண்ணீர்.

டீ கலந்த தட்டில் எல்லாம் நெளிந்துகொண்டிருந்தன. தண்ணீர்த் தட்டில் பாதிக்குமேல் விறைத்துக் கிடந்தன. காலை எண்ணிக்கை இன்னும் ஆகவில்லை. செத்ததை எடுத்துப் போடவும் இல்லை.

வீட்டில் அவள் சொல்லி வைத்திருந்தது இதற்கு நேரெதிர்.

முன்பெல்லாம் அப்பாவுக்கு இந்த வேலை ஒரு வேடிக்கை. "எல்லாரும் மனுசனுக்கு டீ ஆத்துறாங்க, எம் பொண்ணு புழுவுக்கு ஆத்துறா" என்று தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். அம்மா போனபிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. அதற்குப் பதிலாக, சாயங்காலம் அவள் வண்டியை நிறுத்தும்போதே வாசலுக்கு வந்து கேட்பார், "டீ குடிச்ச புழுவெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

குற்றம் சாட்டுகிற கேள்வியாகத்தான் அது அவள் காதில் விழுந்தது.

அம்மாவின் இதயம் பலவீனமானபோது டாக்டர், டீயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். அவள்தான் அடியோடு நிறுத்தினாள். டீத்தூள் டப்பாவைக்கூட வீட்டில் வைக்கவில்லை. "ஒரு வாய்தான்டி கேக்குறேன்" என்று அம்மா கடைசிவரை கேட்டாள். "உசுரோட இருக்கணுமா, வேணாமா?" என்பாள் இவள்.

அம்மா இருக்கவில்லை.

அதனால்தான் அப்பா கேட்கும்போதெல்லாம் கூசாமல் சொன்னாள். "டீ குடிச்சதுதாம்பா முதல்ல சாகுது."

புழு வேறு, மனிதர் வேறு, இதை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று ஆய்வை நடத்தும் பேராசிரியை அடிக்கடி சொல்வார். அதையும் அவள் வீட்டில் சொன்னதில்லை.

இப்போது, ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று விடுமுறை நாளில் அப்பா கூடவே கிளம்பி வந்துவிட்டார்.

அவள் தண்ணீர்த் தட்டின் மூடியைத் திறந்து, தட்டை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தாள்.

"இதுதாம்பா."

அப்பா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தூங்குதோ என்னமோ. தொட்டுப் பாரேன்."

இமை மயிர் அளவு மெல்லிய கம்பியால் ஒரு புழுவின் தலையைத் தொட்டாள். அது அசையவில்லை. இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் கிடந்தபடியே கிடந்தது.

அப்பாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப நாந்தான் கொன்னுருக்கேன்."

"என்னப்பா சொல்றீங்க?"

"நீ வேலைக்குப் போனப்புறம் மூலைக்கடையில டீ வாங்கிட்டு வந்து உங்கம்மாவுக்குக் குடுப்பேன். தெனமும்தான். அவ கெஞ்சுறதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியலம்மா."



வாசலில் நின்று அவர் கேட்டது அவளைப் பற்றியே அல்ல. தன் தலையெழுத்தைத்தான் ஒவ்வொரு சாயங்காலமும் அவளிடம் கேட்டிருக்கிறார். அவளும் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல், தூக்குத் தண்டனை சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.

தட்டை எடுத்தாள். இன்னொன்றை வைத்தாள். இதன் ஜெல்லி லேசான பழுப்பு நிறத்தில் இருந்தது. யார் பார்த்தாலும் தெரியும், எது டீ என்று.

"இப்பப் பாருங்கப்பா. இதுதான் டீ. முன்ன வச்சது வெறும் தண்ணி."

அப்பா குனிந்தார்.

"அப்ப நீ இத்தனை நாளா..."

"பொய் சொன்னேம்பா."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. தட்டுக்குள் புழுக்கள் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தன. மெல்ல மெல்ல அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தாள். சிரிப்பும் கலந்திருந்தது.

"என்னா ஆட்டம் ஆடுதுங்க பாரேன்! இதுங்களுக்கு ஒரு சாவும் கிடையாது போலிருக்கே."

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார் என நின்றுகொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அழுது தீர்த்திருப்பாள். ஆனாலும் அடக்கிய அழுகைக்கு அடியில் அவளுக்கும் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அம்மா ஆசை தீரக் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். எப்படியோ, யார் கையாலோ.

"அம்மா சந்தோசமா குடிச்சாளாப்பா?"

"சந்தோசமா எங்க குடிச்சாம்மா..." கண்ணை எடுக்காமலே அப்பா சொன்னார். "அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே, சுடச்சுட, அவசர அவசரமா. மதியம் நீ சாப்பிட வர்ற வண்டிச் சத்தம் கேட்டுதோ, மீதியை அப்படியே தொட்டியில ஊத்திடுவா."

பாத்திரம் கழுவும் அந்தத் தொட்டியில் பழுப்புக் கறை போகவே இல்லையென்று, அம்மாவிடம்தான் அவள் கோபித்துக்கொள்வாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பாள்.